மேஜர் முகுந்தின் ஊர்: அன்றும் இன்றும்

2014 ஏப்ரல் 24, வியாழக்கிழமை. தமிழ்நாட்டின் 39 மக்களவைத் தொகுதிகளுக்கும் ஒரே நாளில் வாக்குப்பதிவு. சென்னையின் தென்புறநகரான தாம்பரத்தில் மக்கள் பள்ளிக்கூட வாசல்களில் வெயிலில் நின்று ஓட்டுப் போட்டார்கள். அதே நாளில் காஷ்மீரின் அனந்தநாக் தொகுதியிலும் வாக்குப்பதிவு நடந்தது. மாலையில் ஷோபியான் பகுதியில், வேலை முடிந்து திரும்பிய தேர்தல் ஊழியர்களைத் தீவிரவாதிகள் சுட்டார்கள். மறுநாள் அதே மாவட்டத்தின் காஸிபத்ரி என்னும் கிராமத்தில் தீவிரவாதிகள் பதுங்கியிருந்த வீட்டை ராணுவம் சுற்றி வளைத்தது. முன்னால் நின்று படையை நடத்தியவர் மேஜர் முகுந்த் வரதராஜன். ஹிஸ்புல் முஜாஹிதீன் தளபதி அல்தாஃப் வானி அந்தச் சண்டையில் கொல்லப்பட்டார். சிப்பாய் விக்ரம் சிங் உயிரிழந்தார். குண்டுக் காயங்களோடு வெளியே வந்த முகுந்தும் பிழைக்கவில்லை. அவருக்கு 31 வயது நிறைந்து 13 நாட்களே ஆகியிருந்தன. தாம்பரத்தில் ஓட்டுப் போட்டவர்களின் விரல் மை அழிவதற்குள் சேதி அவர் ஊருக்கு வந்து சேர்ந்தது.

அதுவரை பக்கத்துத் தெருவில் யாரோ ஒரு பையன் ராணுவத்தில் இருக்கிறான் என்ற அளவில் சிலருக்கு மட்டும் தெரிந்திருந்த பெயர், ஒரே இரவில் நாடறிந்த பெயராகிவிட்டது. பத்தாண்டுகள் கழித்து ஒரு திரைப்படம் அதை இன்னும் தொலைவுக்குக் கொண்டு சென்றது. இன்று அவருடைய கடைசி மணி நேரம் நம் எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்னால் அவர் வாழ்ந்த 31 ஆண்டுகள்? அவரைப் போலவே சீருடை போட்டு, நல்லவேளையாக உயிரோடு வீடு திரும்பி, நம் தெருக்களிலேயே மூப்படையும் மனிதர்கள்? அவர்களை எவ்வளவு தெரியும் நமக்கு? படைவீரர்களை நினைவில் வைத்துக்கொள்ளும் விதத்தில் சென்னையின் தென்புறநகர் எவ்வளவோ மாறியிருக்கிறது. மாற வேண்டியதும் மிச்சம் இருக்கிறது.

சுவருக்கு அந்தப் பக்கம்

தாம்பரம் பல காலத்து மனிதர்கள் வந்து சேர்ந்து உருவான ஊர். 1928-இல் டாக்டர் டேவிட் சௌரி முத்து இங்கே காசநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். 1931-இல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1937-இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனின் நெரிசலை விட்டு இந்தப் புதர்க்காட்டுக்கு இடம்பெயர்ந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இயங்கிய விமானத்தளம், விடுதலைக்குப் பின் இந்திய விமானப்படையின் பயிற்சி நிலையமானது. விமானம் ஓட்டக் கற்றுத்தரும் ஆசிரியர்களை உருவாக்கும் பள்ளி 1954 முதல் இங்கேதான். இயந்திரப் பணிகளுக்கு விமானப்படையினரைப் பழக்கும் பயிற்சிக்கூடமும் இங்கே இருக்கிறது.

இதனால் கிழக்குத் தாம்பரத்துக்குச் சீருடை புதிதல்ல. வேளச்சேரிச் சாலையில் போனால் நீண்ட சுற்றுச்சுவர், காவல் நிற்கும் வாயில், தலைக்கு மேல் வட்டமடிக்கும் பயிற்சி விமானம். அந்தச் சுவருக்குள் இந்தியும் மலையாளமும் பஞ்சாபியும் வங்காளமும் ஒலித்தன. வெளியே சேலையூர், கேம்ப் ரோடு, ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், மாடம்பாக்கம் எல்லாம் ஏரியும் வயலும் பனையுமாக இருந்தன. ஓய்வு பெற்றவர்கள் பலர் கையில் வந்த பணத்தில் அங்கேயே மனை வாங்கி வீடு கட்டினார்கள். ‘மிலிட்டரிக்காரர் வீடு’, ‘ஏர்ஃபோர்ஸ்காரர் வீடு’ என்றால் தபால்காரருக்குக் கதவு எண் தேவைப்படாது.

ஓய்வு பெற்றவர் என்றதும் நாம் நரைத்த தலையைக் கற்பனை செய்கிறோம். பதினெட்டு பத்தொன்பது வயதில் விமானப்படையில் சேரும் ஒரு வீரர், இருபதாண்டுப் பணி முடித்து வெளியே வரும்போது நாற்பதைத் தொட்டிருக்க மாட்டார். பிள்ளைகள் பள்ளியில் படித்துக்கொண்டிருப்பார்கள். வீட்டுக் கடன் அப்போதுதான் தொடங்கியிருக்கும். எனவே அவர் மறுபடியும் போட்டித் தேர்வு எழுதுவார். வங்கியில் காசாளராகவோ, ஒரு தொழிற்சாலையின் பாதுகாப்பு அதிகாரியாகவோ இரண்டாவது வாழ்க்கையைத் தொடங்குவார்.

மூன்றாவது வேலை ஒன்றும் இவர்களைத் தேடி வந்தது. அதற்குச் சம்பளம் கிடையாது. தெருவுக்கு விளக்குக் கம்பம் வேண்டுமா, மழைநீர்க் கால்வாய் வேண்டுமா, மனு எழுதப் பஞ்சாயத்து அலுவலகத்துக்கு யார் போவது? காலை ஐந்து மணிக்கு எழுந்து பழகியவர், கோப்பு என்றால் என்னவென்று தெரிந்தவர், அதிகாரி முன்னால் நிமிர்ந்து நின்று பேசத் தெரிந்தவர் தெருவில் ஒருவர்தான் இருப்பார். குடியிருப்போர் நலச்சங்கத்தின் செயலாளர் பொறுப்பு தானாக அவரிடம் வந்துவிடும். ஆகஸ்ட் 15 அன்று தெருமுனையில் கொடி ஏற்றுகிறவரும் அவரே. பக்கத்து வீட்டுப் பையனை ஆள்சேர்ப்பு முகாமுக்கு ஓடப் பழக்கியவரும் அவரே. புறநகர்கள் அரசாணையால் மட்டும் உருவாகவில்லை. இப்படிப்பட்டவர்களின் மாலை நேரங்களாலும் உருவாயின.

தந்தி வந்த காலம்

அந்த வீடுகளில் காத்திருப்பும் குடியிருந்தது. வீரர் எல்லையில் இருக்கும்போது வீட்டுக்குக் கிடைத்த முகவரி, ஒரு பெயர், ஒரு படைப்பிரிவு, பிறகு ‘56 ஏ.பி.ஓ.’. ஆள் லடாக்கில் இருந்தாலும் அஸ்ஸாமில் இருந்தாலும் அதே முகவரிதான். இன்லண்ட் கடிதம் போய்ச் சேர்ந்து பதில் வர வாரங்கள் ஆகும். ஆண்டுக்கு ஒருமுறை லீவு. கறுப்பு இரும்புப் பெட்டியில் வெள்ளை எழுத்தில் பெயரும் எண்ணும். ஜி.டி. எக்ஸ்பிரஸில் இரண்டு நாள் பயணம் செய்து சென்ட்ரலில் இறங்கித் தாம்பரம் ரயிலைப் பிடிப்பார். குழந்தை முதல் இரண்டு நாள் ‘யார் இந்த மாமா’ என்று தாயின் பின்னால் ஒளியும். அப்பா என்று பழகும்போது லீவு முடிந்துவிடும்.

தந்தி வந்தால் வீடே நடுங்கும். 1962, 1965, 1971 போர்களில் இறந்தவர்களின் உடல்கள் பெரும்பாலும் ஊருக்கு வரவில்லை. களத்துக்கு அருகிலேயே எரியூட்டப்பட்டன அல்லது அடக்கம் செய்யப்பட்டன. வீட்டுக்கு ஒரு கடிதமும், அவருடைய சாமான்கள் அடங்கிய பெட்டியும் வந்தன. துக்கம் நான்கு சுவருக்குள்ளேயே முடிந்தது.

மேஜர் ராமசாமி பரமேஸ்வரனை எடுத்துக்கொள்ளுங்கள். 1946-இல் மும்பையில் பிறந்த தமிழர். 1972-இல் சென்னைப் பரங்கிமலையில் அதிகாரிப் பயிற்சி முடித்து மஹார் படைப்பிரிவில் சேர்ந்தார். இந்திய அமைதிப்படையோடு இலங்கை சென்ற அவர், 1987 நவம்பர் 25 அன்று அங்கே நடந்த மோதலில் உயிரிழந்தார். போர்க்களத்தின் மிக உயர்ந்த விருதான பரம்வீர் சக்கரம் அவருக்கு வழங்கப்பட்டது. ஆனால் அந்த விருது பெற்றவர் ஒரு தமிழர் என்பது இன்றும் இங்கே பலருக்குத் தெரியாது. ஈழத்தமிழர்கள் அந்த ஆண்டுகளில் அடைந்த துயரமும், அதனால் தமிழ்நாட்டில் எழுந்த கோபமும் நியாயமானவை. கட்டளையை ஏற்றுப் போன வீரர்களின் குடும்பங்கள் அந்தக் கோபத்துக்கு நடுவே குரலே எழுப்பாமல் அழுதன. அங்கே இறந்த இந்திய வீரர்கள் ஆயிரத்துக்கும் அதிகம். இரண்டு துயரங்களுக்கும் ஒரே நெஞ்சில் இடம் கொடுக்க நமக்கு நீண்ட காலம் பிடித்தது.

உடல்கள் ஊருக்கு வராத அந்த வழக்கத்தை 1999 கார்கில் போர் மாற்றியது. வீரர்களின் உடல்கள் மூவர்ணக் கொடி போர்த்தி ஊர் ஊராக வந்தன. திருச்சியின் மேஜர் சரவணன் அந்தப் போரில் விழுந்தபோது தமிழகம் தொலைக்காட்சி முன்னால் அமர்ந்து அழுதது. துக்கம் வீட்டைத் தாண்டித் தெருவுக்கு வந்தது அப்போதுதான்.

ஏழாவது ரயில் நிலையம்

1983 ஏப்ரல் 12 அன்று கோழிக்கோட்டில் பிறந்த முகுந்த் தாம்பரத்துப் பிள்ளையாக வளர்ந்தார். தாத்தாவும் மாமன்மாரும் ராணுவத்தில் இருந்த குடும்பம். காஞ்சிபுரத்தை அடுத்த ஏனாத்தூரில் பி.காம். படித்தார். பிறகு சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் இதழியல் பட்டயப் படிப்பு. 1937-இல் நகரத்தை உதறிவிட்டு வந்த அந்தக் கல்லூரியின் மரநிழலில்தான் 2004-இல் இந்து ரெபெக்கா வர்கீஸைச் சந்தித்தார். அவர் கேரளத்துக் கிறித்தவக் குடும்பத்துப் பெண். மொழி வேறு, மதம் வேறு. இரு வீட்டார் மனமும் கனியும்வரை காத்திருந்து 2009-இல் மணந்துகொண்டார்கள். 2011-இல் மகள் பிறந்தாள்.

தாம்பரத்திலிருந்து கடற்கரைப் பக்கம் ரயில் ஏறினால் சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், திரிசூலம், மீனம்பாக்கம், பழவந்தாங்கல் தாண்டி ஏழாவது நிலையம் பரங்கிமலை. சீனப் போருக்குப் பிறகு அதிகாரிகள் அவசரமாகத் தேவைப்பட்டபோது 1963-இல் அங்கே தொடங்கப்பட்டதுதான் அதிகாரிகள் பயிற்சிக் கல்விக்கூடம். பட்டம் பெற்ற இளைஞர்களை 49 வாரங்களில் ராணுவ அதிகாரியாக்கும் இடம் அது. 1992 முதல் பெண்களும் அங்கே பயில்கிறார்கள். அணிவகுப்புத் திடலுக்குப் பரமேஸ்வரனின் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. 2006 மார்ச் 18 அன்று முகுந்த் அங்கிருந்து லெப்டினன்டாக வெளியேறினார். பயிற்சியின் இறுதி நாளில் தோளில் நட்சத்திரம் குத்துவது பெற்றோரின் உரிமை. அணிவகுப்பில் தெரியும் கம்பீரத்தைவிட அந்தச் சில நிமிடங்களில் நடுங்கும் தாய்மாரின் விரல்களுக்கே கனம் அதிகம்.

ராஜ்புத் படைப்பிரிவின் 22-ஆவது பட்டாலியனில் சேர்ந்தார். மத்தியப் பிரதேசத்தின் மஹூவிலுள்ள காலாட்படைப் பள்ளியில் பணியாற்றினார். ஐ.நா. அமைதிப்படையில் லெபனான் சென்றார். 2012 டிசம்பரில் காஷ்மீரின் 44 ராஷ்ட்ரிய ரைபிள்ஸுக்கு அனுப்பப்பட்டார். அவருடைய திருமண வாழ்க்கை ஐந்தாண்டுகூட நிறையவில்லை. அதிலும் பணி பிரித்துவைத்த மாதங்களைக் கழித்தால் மிஞ்சுவது கொஞ்சம். அந்தக் கொஞ்சத்துக்குள் அவர் ஒரு முழுக் கணவராகவும் முழுத் தகப்பனாகவும் வாழ்ந்தார் என்பதை அவர் குடும்பத்தார் சொல்லும் ஒவ்வொரு வார்த்தையும் உணர்த்துகிறது. அவர் வீரத்தின் வேர் வெறுப்பில் இல்லை. இந்தப் பாசத்தில் இருந்தது என்றே நான் நம்புகிறேன்.

அழுகை மாறிய விதம்

நாட்டின் கடைசித் தந்தி 2013 ஜூலையில் அனுப்பப்பட்டது. அடுத்த ஆண்டு முகுந்த் இறந்தபோது சேதி செல்பேசியிலும் தொலைக்காட்சியிலும் வந்தது. முகம் தெரியாத ஆயிரக்கணக்கானோர் கிழக்குத் தாம்பரத்துக்குத் திரண்டார்கள். பெசன்ட் நகர் மயானத்தில் ராணுவ மரியாதையோடு இறுதிச் சடங்கு நடந்தது.

அப்போது முகுந்தின் மனைவி இந்து, தொலைக்காட்சியில் பேசினார். தன் துயரத்தை நாடு பார்க்க வேண்டாம், முகுந்த் எப்படிப்பட்ட மனிதர் என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்ற பொருளில் அவர் சொன்னது பலர் மனத்தில் தங்கிவிட்டது. 2015 ஜனவரி 26 அன்று, அமெரிக்க அதிபர் ஒபாமா விருந்தினராக அமர்ந்திருந்த குடியரசு நாள் விழாவில், குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜியிடமிருந்து அசோகச் சக்கரத்தைப் பெற்றுக்கொண்டார். அமைதிக்காலத்தின் மிக உயர்ந்த வீர விருது அது. தலை நிமிர்ந்து நடந்து போன அந்தப் பெண், வீரரின் மனைவி என்றால் மூலையில் முடங்கிக் கிடப்பவள் என்ற பழைய படத்தை லட்சக்கணக்கான வீடுகளில் மாற்றினார்.

சட்டமும் மெல்ல மாறியது. வீர விருது பெற்றவர் இறந்துவிட்டால் அந்த விருதுக்கான மாதத் தொகை மனைவிக்குப் போகும். அவர் மறுமணம் செய்தால் அது நின்றுவிடும். இறந்த கணவரின் சகோதரனை மணந்தால் மட்டுமே தொடரும் என்பது விதி. 2017 நவம்பரில்தான் பாதுகாப்பு அமைச்சகம் இந்த நிபந்தனையை நீக்கியது. ஒரு பெண்ணின் எதிர்காலத்தை அவள் கணவன் வீட்டுக்குள்ளேயே அடைத்துவைத்த விதி, விருதின் பெயரால் அத்தனை காலம் நீடித்திருந்தது. அதை நீக்கியதும் வீரர்களுக்குச் செய்த மரியாதைதான்.

2019 பிப்ரவரி 25 அன்று தில்லியில் தேசியப் போர் நினைவிடம் திறக்கப்பட்டது. விடுதலைக்குப் பின் உயிர் கொடுத்த 25,942 வீரர்களின் பெயர்கள் அப்போது அதன் கருங்கற் சுவர்களில் பொறிக்கப்பட்டிருந்தன. 2024 தீபாவளிக்கு ராஜ்குமார் பெரியசாமியின் ‘அமரன்’ வெளியானது. சிவகார்த்திகேயன் முகுந்தாகவும் சாய் பல்லவி இந்துவாகவும் நடித்தார்கள். கதையை அது இந்துவின் நினைவு வழியாகச் சொன்னதால், ஒரு வீரரின் வாழ்க்கையில் காதலுக்கும் காத்திருப்புக்கும் உள்ள பங்கைப் பெருவாரியான மக்கள் உணர்ந்தார்கள். அந்த அளவில் அது செய்தது பெரிய காரியம்.

வெள்ளமும் கடலும்

சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த படை, சுவரைத் தாண்டி நம் வீட்டுக்குள் வந்த ஆண்டு 2015. டிசம்பர் 1, 2 தேதிகளுக்கிடையே 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. சென்னை விமான நிலையம் மூடப்பட்ட அந்த நாட்களில் தாம்பரம் விமானத்தளத்திலிருந்து மீட்பு ஹெலிகாப்டர்கள் பறந்தன. ராணுவத்தினர் படகோடு தெருக்களில் இறங்கினார்கள். ஏரியை நிரப்பிக் கட்டிய நகர்களில் வாழும் நமக்கு அன்று இரண்டு பாடங்கள் கிடைத்தன. ஒன்று, நீரின் வழியை அடைத்தால் நீர் வீட்டுக்குள் வரும். இன்னொன்று, கால்வாய்க்காக மனு மேல் மனு எழுதிய அந்த நலச்சங்கத்துப் பெரியவர் சொன்னதை நாம் காதில் வாங்கியிருக்க வேண்டும்.

அடுத்த ஆண்டு ஜூலை 22 காலை, தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்கு 29 பேரோடு கிளம்பிய விமானப்படையின் ஏ.என்-32 விமானம் வங்கக்கடலுக்கு மேல் காணாமல் போனது. கப்பல்களும் விமானங்களும் வாரக்கணக்கில் தேடின. துரும்பும் கிடைக்கவில்லை. ஏழரை ஆண்டுகள் கழித்து, நம் பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் அனுப்பிய ஆளில்லா நீர்மூழ்கி, கடற்கரையிலிருந்து சுமார் 140 கடல்மைல் தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில் கிடந்த சிதைவுகளைப் படம் பிடித்தது. 2024 ஜனவரியில் அரசு அதை அறிவித்தது. அந்த 29 குடும்பங்களுக்கும் கிரியை செய்ய ஓர் உடல் இல்லை. விபத்தில் போனவர்களுக்குத் திரைப்படமும் கிடையாது. ஆனால் அவர்கள் கிளம்பிய ஓடுதளம் நம் ஊரில் இருக்கிறது. விடையைத் தேடித் தந்த நிறுவனமும் நம் பக்கத்தில்தான் இருக்கிறது. அவர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன் அயலாருக்குப் பட்ட கடன் அல்ல.

இன்றைய தாம்பரம்

2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி உருவானது. எழுபது வார்டுகள். ஏரிக்கரை மனைகள் அடுக்குமாடிகளாகின்றன. மிலிட்டரிக்காரர் வீடு என்ற அடையாளம் ‘சி பிளாக், நான்காம் மாடி’ என்று மாறிவிட்டது. முன்னாள் படைவீரர்களின் வசதிகள் கூடியிருக்கின்றன. 2003-இல் தொடங்கிய அவர்களுக்கான மருத்துவத் திட்டத்தால் சிகிச்சைச் செலவு பற்றிய அச்சம் குறைந்திருக்கிறது. ஒரே பதவிக்கு ஒரே ஓய்வூதியம் என்ற நெடுநாள் கோரிக்கை 2015-இல் அரசாணையானது. எல்லையிலிருந்து தினமும் வீடியோ அழைப்பில் பேச முடிகிறது. குழந்தை அப்பாவின் முகம் மறப்பதில்லை.

ஆனால் முன்னாள் படைவீரர் என்பவரே நாளை வேறொருவராக இருக்கப்போகிறார். 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் சேரும் இளைஞருக்கு நான்காண்டுதான் பணி. அவர்களில் அதிகபட்சம் நான்கில் ஒருவர்தான் நிரந்தரப் பணிக்குத் தேர்ந்தெடுக்கப்படுவார். மற்றவர்கள் இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதில் ஒரு மொத்தத் தொகையோடு, ஓய்வூதியம் இல்லாமல் வெளியே வருவார்கள். ஓய்வூதியத்தின் தைரியத்தில்தான் பழைய ஏர்ஃபோர்ஸ்காரர் தன் மாலைகளைத் தெருவுக்குக் கொடுத்தார். இந்தப் பிள்ளைகளுக்கு முதல் தேவை வேலை. அவர்களைக் கைதூக்கிவிடும் பொறுப்பு அரசுக்கு எவ்வளவு உண்டோ, தென்புறநகரின் தொழிற்சாலைகளுக்கும் கல்லூரிகளுக்கும் அவ்வளவு உண்டு.

பழையவர்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள். 1971 போரில் இருபது வயதில் நின்றவருக்கு இன்று எழுபதுக்கு மேல். டாக்காவின் வானத்தையும் நாதுலாவின் பனியையும் கண்டவர்கள் நம் தெருக்களில் காலை நடை போகிறார்கள். அவர்களில் பலர் தம் கதையை யாருக்கும் சொன்னதில்லை. நாமும் கேட்டதில்லை. முகுந்துக்காகத் திரையரங்கில் கண்ணீர் விட்ட நாம், பக்கத்து வீட்டு ஹவில்தாரின் மனைவி குடும்ப ஓய்வூதியத்துக்கான தாள்களோடு அலுவலகம் அலுவலகமாக அலையும்போது கூடப் போகிறோமா என்பதுதான் நம் மரியாதையின் அளவுகோல்.

எனக்கு ஓர் ஆசை உண்டு. ஏப்ரல் 25-ஐ நாம் மறப்பதில்லை. ஏப்ரல் 12-ஐயும் தாம்பரம் தன் நாளாக வைத்துக்கொள்ளட்டும். முகுந்த் பிறந்த நாள் அது. அன்று ஒவ்வொரு நலச்சங்கமும் தன் தெருவிலுள்ள முன்னாள் படைவீரரை அழைத்துப் பிள்ளைகளோடு உட்காரவைக்கலாம். அவர் துப்பாக்கியைப் பற்றி மட்டும் பேச வேண்டியதில்லை. கடிதத்துக்குக் காத்திருந்ததையும், மகள் தன்னை அடையாளம் தெரியாமல் அழுததையும், ஓய்வுக்குப் பின் தெருவிளக்குக்காக நடையாய் நடந்ததையும் பேசட்டும். யாராவது ஒரு கல்லூரி மாணவர் அதைப் பதிவு செய்யட்டும். ஓய்வூதியத் தாள் நிரப்பத் தெரிந்த ஒருவர், தெரியாத மூதாட்டிக்கு அன்று உட்கார்ந்து நிரப்பிக் கொடுக்கட்டும். இதற்குச் சிலையும் வேண்டாம், நிதியும் வேண்டாம். முகுந்த் இதழியல் படித்தவர். மனிதர்களிடம் கேள்வி கேட்டு அவர்கள் வாழ்வை எழுதக் கற்றுக்கொண்டவர். அவர் ஊர் அவருக்காக அந்தக் கேள்விகளைக் கேட்கத் தொடங்க வேண்டும். அடுத்த ஏப்ரல் வரைகூடக் காத்திருக்க வேண்டியதில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்கலாம்.